வார்ப்பதற்கு முன் திரையில் பார்ப்பது: பாகத்தையும் மோல்டையும் சோதிக்க ஒரு வழிகாட்டி

உருகிய உலோகம் உறையும்போது சுருங்கும். தூய அலுமினியம் கன அளவில் ஏறத்தாழ 6.5 சதவீதம் குறையும், எஃகு சுமார் 3 சதவீதம். அந்தக் குறைவை ஈடுகட்ட வேறு எங்கிருந்தாவது திரவ உலோகம் வந்து சேர வேண்டும். வர வழியில்லாத இடத்தில் சுருக்கக் குழி விழும். வார்ப்பு வெளியே பளிச்சென்று இருக்கும். மெஷினில் ஏற்றிக் கடையும்போதோ, அழுத்தச் சோதனையில் கசியும்போதோதான் உள்ளே ஓட்டை இருப்பது தெரியும். அதற்குள் பேட்டர்ன் (மணல் மோல்டில், அதாவது மணல் அச்சில், வடிவத்தைப் பதிக்கும் மாதிரி) செய்து முடித்திருப்பார்கள், அல்லது டை (உலோகத்தாலான மோல்டு) வெட்டி முடித்திருப்பார்கள். அந்த நேரத்தில் வடிவத்தைத் திருத்தச் சொன்னால் யாரும் சந்தோஷப்பட மாட்டார்கள்.

இந்தக் குறைகளில் பெரும்பகுதிக்குக் காரணம் பாகத்தின் வடிவத்திலேயே இருக்கிறது. வடிவத்தைச் சரியான விதத்தில் திரையில் காட்டினால் கண்ணுக்குத் தெரியும். இதற்கு இரண்டு வகைப் படங்கள் உண்டு. ஒன்று, வடிவத்தை மட்டும் வைத்து வரைவது: எங்கே தடிமன் அதிகம், எங்கே மெலிவு, எந்த முகம் மோல்டிலிருந்து கழன்று வராது என்பதையெல்லாம் நிறத்தில் காட்டும். இன்னொன்று சிமுலேஷன்: உலோகம் பாய்வதையும் வெப்பம் வெளியேறுவதையும் கணக்கிட்டுக் காட்டும். புதியவர்கள் நேராக இரண்டாவதற்குத் தாவுகிறார்கள். முதல் வகையில் தொடங்குவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. அது நிமிடங்களில் முடிகிறது, இலவச மென்பொருளே போதும். அதைவிட முக்கியம், என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதை அது கற்றுக்கொடுக்கிறது. கேள்வி இல்லாமல் ஓட்டிய சிமுலேஷன் வெறும் வண்ணப்படம்தான்.

ஆகவே இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் வடிவப் படங்களைப் பற்றியே பேசுகிறேன். சிமுலேஷன் கடைசியில் வரும்.

1. சரியான மாடலை எடுத்துக்கொள்ளுங்கள்

டிசைன் பிரிவிலிருந்து வரும் கேட் (CAD, கணினி வடிவமைப்பு) ஃபைல் பெரும்பாலும் மெஷினிங் முடிந்த பாகத்தின் வடிவம். துளைகள் போட்டிருக்கும், மரை வெட்டியிருக்கும், முகங்கள் கடைந்த அளவில் இருக்கும். ஆனால் மோல்டுக்குள் உலோகம் நிரப்புவது அந்த வடிவத்தை அல்ல. பின்னால் டிரில் செய்யப்போகும் துளை வார்ப்பில் கிடையாது, அங்கே முழு உலோகம் இருக்கும். கடைய வேண்டிய முகத்தில் சில மில்லிமீட்டர் கூடுதல் இருக்கும். டிராஃப்ட் (மோல்டிலிருந்து கழன்று வர முகத்துக்குத் தரும் சிறு சாய்வு) சேர்த்ததால் ரிப்பின் (சுவரை வலுப்படுத்தும் மெல்லிய விலாவின்) அடி தடித்திருக்கும்.

இது சின்ன வித்தியாசம் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளி விட்டம் 20 மி.மீ., நடுவில் 10 மி.மீ. துளை உள்ள ஒரு பாஸ் (பாகத்தில் துருத்தி நிற்கும் உருளை மேடு). ஃபைலில் அது 5 மி.மீ. சுவர். துளையை வார்க்காமல் பின்னால் டிரில் செய்வதாக இருந்தால் வார்ப்பில் அது 20 மி.மீ. முழுத் தண்டு. கன அளவை வெப்பம் வெளியேறும் பரப்பால் வகுத்தால் கிடைப்பதை மாடுலஸ் என்பார்கள். குழாயாக இருந்தால் அது 2.5 மி.மீ., முழுத் தண்டாக இருந்தால் 5 மி.மீ. உறையும் நேரம் மாடுலஸின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று 1940இல் குவோரினோவ் காட்டினார். அப்படியானால் முழுத் தண்டு உறைய நான்கு மடங்கு நேரம் எடுக்கும். மெஷினிங் முடிந்த மாடலில் படம் வரைந்தால் இந்த இடம் ஆபத்தே இல்லாததாகத் தெரியும். ஆகவே முதல் வேலை, வார்ப்பு நிலையில் உள்ள மாடலைக் கேட்டு வாங்குவது. கிடைக்காவிட்டால் துளைகளை நீங்களே அடைத்து, கடையும் முகங்களை உயர்த்தி ஒன்று செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் அதை எஸ்டிஎல் ஃபைலாக, அதாவது மேற்பரப்பை முக்கோணங்களாகச் சொல்லும் ஃபைலாக, மாற்ற வேண்டும். வளைவுகளுக்கும் முக்கோணங்களுக்கும் இடையே 0.1 மி.மீ. விலகல் இருந்தால் இந்த வேலைக்குப் போதும். எஸ்டிஎல் ஃபைலில் அலகு பதிவாகாது. மில்லிமீட்டரா அங்குலமா என்பது திறக்கும் மென்பொருளின் ஊகம்தான். திறந்தவுடன் தெரிந்த ஒரு அளவை அளந்து பாருங்கள். 25.4 மடங்கு வித்தியாசம் வந்தால் காரணம் இதுதான். அந்த முக்கோண வலையில், அதாவது மெஷ்ஷில், கிழிசலோ ஓட்டையோ இருந்தால் எது உள்ளே, எது வெளியே என்று கணினிக்குத் தெரியாது, அடுத்து வரும் எல்லாப் படமும் தப்பாகும். மெஷ்லேப், பிளெண்டர் என்ற இலவச மென்பொருள்கள் இரண்டிலும் ஓட்டைகளைக் கண்டுபிடித்து மூடும் வசதி உண்டு.

2. தடிமன் படம்

தடிமன் என்றால் எளிய விஷயம் போலத் தெரியும். ஆனால் கணினியிடம் கேட்கும்போது எந்தத் தடிமன் என்று சொல்ல வேண்டும். ஒரு முறையில், முகத்தின் ஒரு புள்ளியிலிருந்து உட்பக்கமாக நேர்க்கோட்டில் ஒரு கதிரை அனுப்பி, எதிர்ச் சுவரில் முட்டும் தூரத்தை அளக்கிறார்கள். இன்னொரு முறையில், அந்த இடத்தில் உள்ளே அடங்கக்கூடிய மிகப்பெரிய கோளத்தின் விட்டத்தை எடுக்கிறார்கள். தட்டையான சுவரில் இரண்டும் ஒன்றே. சாய்வான சுவரிலும் மூலையிலும் கதிர் முறை தாறுமாறாகப் போகும். கதிர் ஒரு ரிப்பின் நீளம் முழுக்க ஓடி, 6 மி.மீ. ரிப்பை 60 மி.மீ. என்று சொல்லிவிடும். வார்ப்புக்குக் கோள முறைதான் பொருத்தம். உறைதல் எல்லாப் பக்கமிருந்தும் உள்நோக்கி வருவது, கோளம் அதைத்தான் அளக்கிறது. கணினி வருவதற்கு முன்பே ஹூவர்ஸ் முறையில் வரைபடத் தாளில் காம்பஸ் வைத்து உள்வட்டங்கள் போட்டு, அவை ரைசரை (உறையும் பாகத்துக்குத் திரவ உலோகம் கொடுக்கும் சேமிப்பை) நோக்கிப் படிப்படியாகப் பெரிதாகின்றனவா என்று பார்த்தார்கள். நாம் அதையே முப்பரிமாணத்தில் செய்கிறோம்.

விரைவாக ஒரு பார்வை வேண்டுமென்றால் பிளெண்டரில் எடிட் நிலைக்குப் போய், ஓவர்லேயில் மெஷ் அனாலிசிஸை இயக்கி, தடிமனைத் தேர்ந்தெடுங்கள். மெலிந்த இடங்களை உடனே காட்டும். மெஷ்லேப்பில் ஷேப் டயமீட்டர் ஃபங்ஷன் என்ற ஃபில்டர் இருக்கிறது. அது ஒரு கூம்புக்குள் பல கதிர்களை அனுப்பிச் சராசரி எடுப்பதால் ஒற்றைக் கதிரைவிட நிதானமான விடை தரும்.

கொஞ்சம் பைதான் தெரிந்தவர்களுக்கு இதைவிட நல்ல வழி உண்டு, நான் பரிந்துரைப்பதும் அதுதான். பாகத்தைச் சின்னச் சின்னக் கனசதுரங்களாக, அதாவது வோக்சல்களாக வெட்டுங்கள். டிரைமெஷ் நூலகம் எஸ்டிஎல்லைப் படித்து வோக்சலாக்கி உள்ளையும் நிரப்பித் தரும். அதன் மேல் சைபை நூலகத்தின் யூக்ளிடிய தூர மாற்றத்தை ஓட்டினால், உலோகத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு வோக்சலும் அருகிலுள்ள மேற்பரப்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்ற எண் கிடைக்கும். சுவரின் நடுவில் அந்த எண்ணை இரட்டித்தால் அதுவே அங்குள்ள தடிமன். பைவிஸ்டா வழியாகச் சேமித்து பாராவியூவில் திறந்தால் வெட்டிப் பார்க்கலாம், சுழற்றிப் பார்க்கலாம். எல்லாமே இலவசம்.

வோக்சலின் அளவை மிக மெலிந்த சுவரைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். அந்தச் சுவரின் குறுக்கே நான்கு வோக்சலாவது இருக்க வேண்டும். ஆழ எண்ணில் ஒரு வோக்சல் அளவுக்குப் பிசகு வரும், அதனால்தான் இந்த நிபந்தனை. 300 × 200 × 100 மி.மீ. பெட்டிக்குள் அடங்கும் பாகத்துக்கு 1 மி.மீ. வோக்சல் என்றால் 60 லட்சம், சாதாரணக் கணினி தாங்கும். அதையே 0.5 மி.மீ. ஆக்கினால் 4.8 கோடி. முதல் தடவை பெரிய வோக்சலில் ஓட்டிப் பார்த்துவிட்டு, சந்தேகமான பகுதியை மட்டும் வெட்டியெடுத்து நுணுக்கமாகப் பார்ப்பது நல்லது.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாராவியூ ஒரு ஃபைலைத் திறக்கும்போது அதிலுள்ள மிகச் சிறிய எண்ணிலிருந்து மிகப் பெரிய எண் வரை நிறத்தைத் தானே பரப்பிவிடும். பழைய வடிவத்தில் 14 மி.மீ. சிவப்பாகத் தெரிந்திருக்கும். திருத்திய வடிவத்தில் 9 மி.மீ.யும் அதே சிவப்பாகத்தான் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் ஒன்றும் மாறவில்லை என்று முடிவுகட்டுவார். ஒப்பிடப்போகும் எல்லாப் படங்களுக்கும் நிற எல்லையைக் கையால் ஒரே எண்ணில் நிறுத்துங்கள். வானவில் நிற வரிசையையும் தவிருங்கள். மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறும் இடத்தில் எண்ணில் பெரிய மாற்றம் இல்லாவிட்டாலும் கண் அங்கே ஒரு எல்லைக்கோட்டைப் பார்த்துவிடும். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குச் சீராகப் போகும் வரிசை நேர்மையாகக் காட்டும்.

3. தோலை உரித்துக்கொண்டே போங்கள்

தடிமன் படத்தை வெறுமனே சுழற்றிப் பார்ப்பதைவிடப் பலமடங்கு பயன் தரும் வேலை இது.

பாராவியூவில் த்ரெஷ்ஹோல்டு ஃபில்டரைப் போட்டு, ஆழம் 1 மி.மீ.க்கு மேல் உள்ள வோக்சல்களை மட்டும் காட்டச் சொல்லுங்கள். பிறகு 2, பிறகு 3. ஒவ்வொரு படியிலும் வெளித்தோல் ஒரு மில்லிமீட்டர் உறைந்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். மீதம் தெரிவது இன்னும் திரவமாக இருக்கும் பகுதி. ஒரு கட்டத்தில் அந்த மீதம் தனித்தனித் தீவுகளாகப் பிரியும். அந்தக் கணத்தைத்தான் தேடுகிறோம். இரண்டு தீவுகளுக்கு நடுவே இருந்த வழி அடைபட்டுவிட்டது, இனி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு உலோகம் போக முடியாது என்று அர்த்தம்.

ஓர் உதாரணம். 6 மி.மீ. தகடு ஒன்றின் மேல் 16 மி.மீ. விட்டத்தில் இரண்டு உயரமான பாஸ்கள். ஓரத்தில் 24 மி.மீ. தடிமனில் ஒரு காது, ரைசர் அங்கே வைப்பதாகத் திட்டம். ஆழம் 3 மி.மீ.யைத் தாண்டியதும் தகடு முழுவதும் மறைந்துவிடும். இரண்டு பாஸும் ஒரு காதும் மூன்று தீவுகளாக நிற்கும். ரைசர் காதுக்கு மட்டும்தான் உலோகம் கொடுக்கும். இரண்டு பாஸுக்கும் யாரும் இல்லை. வரைபடத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருப்பதால் இது சட்டென்று தோன்றாது, உரித்துப் பார்க்கும்போது மறைக்க முடியாமல் தெரியும்.

சைபையின் லேபிள் செயலைக் கொண்டு ஒவ்வொரு ஆழத்திலும் எத்தனை தீவுகள் என்று எண்ணச் சொல்லலாம். ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்தத் தீவு, எந்த ஆழத்தில் பிரிந்தது, கடைசியாக எந்த ஆழத்தில் மறைந்தது. பிரிந்த ஆழமும் மறைந்த ஆழமும் அருகருகே இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், அடைபட்ட பிறகு அங்கே திரவம் அதிகம் மிச்சமில்லை. 3இல் பிரிந்து 8இல் மறையும் தீவு பாஸ் நடுவில் ஓட்டை வைக்கும்.

ஒவ்வொரு தீவுக்கும் உங்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். அதன் மேல் ஒரு ரைசர், அல்லது பக்கத்தில் ஒரு சில் (chill, வெப்பத்தை இழுக்கும் உலோகத் துண்டு) வைத்து வேகமாக உறைய வைப்பது, அல்லது கோர் (உள் குழிவை உருவாக்க மோல்டுக்குள் வைக்கும் தனித் துண்டு) போட்டு உள்ளே குடைவது, அல்லது அந்த இடத்திலிருந்து ரைசர் வரை படிப்படியாகத் தடித்துப் போகும் ஒரு பட்டையைச் சேர்ப்பது. டிசைனரோடு பேச முடிந்தால் குடைவதைத்தான் முதலில் கேட்பேன். அது எடையையும் குறைக்கும், குறையையும் போக்கும். ரைசர் வைக்க முடிவானால் அதன் மாடுலஸ் அந்தத் தீவின் மாடுலஸைப் போல 1.2 மடங்காவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி.

4. சந்திப்புகளைத் தனியாகப் பாருங்கள்

சுவர்கள் எல்லாம் ஒரே தடிமன், அதனால் பிரச்சினை இல்லை என்று பலரும் நினைப்பார்கள். சுவர்கள் சந்திக்கும் இடத்தில் உள்வட்டம் தானாகப் பெரிதாகும். ஒரே தடிமனுள்ள இரண்டு சுவர்கள் எல் வடிவில் கூர்மூலையாகச் சேர்ந்தால் வட்டத்தின் விட்டம் தடிமனைப் போல 1.17 மடங்கு. டி வடிவில் 1.25 மடங்கு. குறுக்கே வெட்டிக்கொண்டு எக்ஸ் வடிவில் சேர்ந்தால் 1.41 மடங்கு. நேரம் வர்க்கத்தில் போகும் என்று பார்த்தோம். அந்தக் கணக்கில் எக்ஸ் சந்திப்பு சுவரைவிட இரு மடங்கு நேரம் எடுக்கும். இதெல்லாம் ஃபில்லட் (உள்மூலையை வளைவாக நிரப்புவது) போடுவதற்கு முன்பு. உள்மூலையில் ஃபில்லட் சேர்த்தால் வட்டம் இன்னும் வளரும். ஃபில்லட்டே இல்லாவிட்டாலோ அங்கே வெடிப்பு வரும், அதனால் அதை நீக்கவும் முடியாது.

எக்ஸ் சந்திப்பைக் கண்டால் ஒரு ரிப்பைச் சற்று நகர்த்தி இரண்டு டி சந்திப்புகளாக்குங்கள். எல் மூலையில் வெளிப்பக்கத்தையும் உள்பக்கத்தோடு சேர்த்து வளைத்தால் தடிமன் சீராகிவிடும். ரிப்பைச் சுவரைவிட மெலிதாக்குவது இன்னொரு வழி. மாற்றிய பிறகு அதே நிற எல்லையில், அதே கோணத்தில் இன்னொரு படம் எடுத்துப் பழையதன் பக்கத்தில் வையுங்கள். டிசைனரைச் சம்மதிக்க வைக்க இந்த இரண்டு படங்களைவிடப் பலமான வாதம் கிடையாது.

5. தடிமன் படத்தின் எல்லைகள்

கோள முறை ஒரு பெரிய விஷயத்தைக் கவனிப்பதில்லை. 10 மி.மீ. தகடு, 10 மி.மீ. விட்டமுள்ள நீளத் தண்டு, 10 மி.மீ. உருண்டை. மூன்றுக்கும் படத்தில் ஒரே நிறம். ஆனால் தகட்டின் மாடுலஸ் 5 மி.மீ., தண்டுக்கு 2.5, உருண்டைக்கு 1.67. தகட்டில் வெப்பம் இரண்டு பக்கம் மட்டும் வெளியேறுகிறது, உருண்டையில் எல்லாப் பக்கமும் வெளியேறுகிறது. ஆகவே படத்தில் ஒரே நிறத்தில் ஒரு அகலமான தகடும் ஒரு சின்னக் குமிழும் தெரிந்தால், தகடுதான் கடைசியில் உறையும். சந்தேகம் வரும் இடத்தை வெட்டியெடுத்து, அதன் கன அளவையும் மோல்டைத் தொடும் பரப்பையும் அளந்து, மாடுலஸைக் கையால் கணக்கிட்டுவிடுங்கள். வெட்டிய முகத்தைப் பரப்பில் சேர்க்கக் கூடாது, அதன் வழியே வெப்பம் மோல்டுக்குப் போவதில்லை.

மோல்டு சூடாவதும் இந்தப் படத்துக்குத் தெரியாது. உள்மூலையில் இருக்கும் மணலுக்கு இரண்டு சுவரிலிருந்தும் வெப்பம் வரும். அது சீக்கிரம் சூடேறிவிடுவதால் உண்மையான சூட்டுப் புள்ளி வட்டத்தின் மையத்திலிருந்து உள்மூலையை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்திருக்கும். சில் வைத்தாலும் படம் மாறாது.

வார்ப்பிரும்பு வார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: சாம்பல் இரும்பிலும் டக்டைல் இரும்பிலும் உறையும்போது கிராஃபைட் உருவாகி விரிகிறது, அது சுருக்கத்தில் ஒரு பகுதியை ஈடுகட்டும். அலுமினியத்துக்கும் எஃகுக்கும் போல அங்கே ஒவ்வொரு தீவும் ஓட்டையாகாது. மோல்டு எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதும் அங்கே முக்கியமாகிறது.

6. இப்போது மோல்டின் பக்கம்

பாகத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துபவர்கள் பாதி வேலைதான் செய்கிறார்கள். மோல்டும் ஒரு வடிவம், அதற்கும் மெலிந்த இடம், தடித்த இடம் உண்டு.

முதலில் கழன்று வருமா என்று பார்ப்போம். மோல்டு திறக்கும் திசையை முடிவுசெய்து, ஒவ்வொரு முகமும் அந்தத் திசையோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று நிறமிடுங்கள். கேட் மென்பொருள்கள் பலவற்றில் டிராஃப்ட் அனாலிசிஸ் என்ற பெயரிலேயே இது இருக்கும். மூன்று நிறம் போதும்: மேல் பாதிக்குப் போகும் முகம், கீழ்ப் பாதிக்குப் போகும் முகம், தேவையான டிராஃப்ட் இல்லாமல் செங்குத்தாக நிற்கும் முகம். மணல் வார்ப்பில் பொதுவாக 1 முதல் 3 டிகிரி வரை கேட்பார்கள்.

ஆனால் சாய்வை மட்டும் பார்க்கும் படம் ஒரு வகைத் தப்பை விட்டுவிடும். ஒரு முகம் சரியான பக்கம் சாய்ந்திருக்கும், டிராஃப்டும் இருக்கும், ஆனால் அதற்கு மேலே வேறொரு பகுதி நீட்டிக்கொண்டு மறைத்திருக்கும். அதைப் பிடிக்க ஒரு எளிய வழி: பிளெண்டரில் சன் விளக்கை வைத்து, மோல்டு திறக்கும் திசையிலிருந்து நேராக அடியுங்கள். அதன் கதிர்கள் இணையாக வருவதால், நிழல் விழும் இடமெல்லாம் அந்தப் பாதி மோல்டால் எட்ட முடியாத இடம். எதிர்த்திசையிலிருந்தும் ஒருமுறை அடியுங்கள். இரண்டிலும் வெளிச்சம் படாத இடத்துக்குக் கோரோ ஸ்லைடோ (பக்கவாட்டில் நகரும் டைப் பகுதி) தேவை. மோல்டின் இரு பாதிகளும் சேரும் பார்ட்டிங் கோடு எங்கே போகிறது என்பதும் இந்த ஒளி எல்லையிலேயே தெரிந்துவிடும். அது ஏறி இறங்கி வளைந்து போனால், பாகத்தைச் சற்றுத் திருப்பிப் போட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். திருப்பிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

அடுத்து, மோல்டுக் கட்டியிலிருந்து பாகத்தைக் கழித்து, மீதமுள்ள வடிவத்துக்குத் தடிமன் படம் எடுங்கள். இங்கே மெலிந்த இடங்கள்தான் ஆபத்து. இரண்டு ரிப்புகளுக்கு நடுவே 5 மி.மீ. இடைவெளி என்றால் மோல்டில் அது 5 மி.மீ. மணல் சுவர். பேட்டர்னைத் தூக்கும்போது உடையலாம். உடையாமல் தப்பினாலும் இரண்டு பக்கமும் உலோகம் சூழ்ந்து அது சூடேறிவிடும், ரிப்புகளும் நினைத்த வேகத்தில் உறையாது. உலோக டையில் இதே இடம் மெல்லிய எஃகு நாக்காகவோ நீளமான கோர் பின்னாகவோ இருக்கும். சூடேறிய எஃகில் அலுமினியம் ஒட்டிக்கொள்ளும், பின் வளையும். அந்த நாக்குக்குள் குளிர்நீர் வழி போட இடமிருக்கிறதா என்பதையும் இதே படத்தில் பார்த்துவிடலாம்.

கோர் இருந்தால் அது எங்கே தாங்கப்படுகிறது என்று குறுக்குவெட்டில் பாருங்கள். திரவ இரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7 கிராம் அளவு, மணல் கோர் 1.6 அளவு. ஒரு லிட்டர் கன அளவுள்ள கோரை இரும்பு 5 கிலோவுக்கு மேற்பட்ட விசையில் மேலே தள்ளும். ஒரே முனையில் பிடித்திருக்கும் நீளமான கோர் அந்த விசையில் வளைந்தால் மேல் சுவர் மெலிந்து, கீழ்ச் சுவர் தடிக்கும். கோரிலிருந்து வாயு வெளியேறும் வழியும் அதன் பிரிண்ட் (மோல்டில் கோர் உட்காரும் முனை) வழியாகத்தான் போக வேண்டும், ஆகவே பிரிண்ட்டின் அளவைக் கஞ்சத்தனமாக வைக்காதீர்கள்.

7. நிரம்புவதைத் தோராயமாகப் பார்க்க

புவியீர்ப்பில் ஊற்றும் வார்ப்புக்கு வோக்சல் மாடலே சில பதில்கள் தரும். கீழிருந்து மேலாக ஒவ்வொரு அடுக்கிலும் எத்தனை வோக்சல் என்று எண்ணினால் உயரத்துக்கு உயரம் குறுக்குப் பரப்பு கிடைக்கும். விநாடிக்கு ஊற்றும் கன அளவை அந்தப் பரப்பால் வகுத்தால் உலோக மட்டம் எந்த உயரத்தில் எவ்வளவு வேகமாக ஏறும் என்று தெரியும். அகலமான அடுக்கில் மட்டம் மெதுவாக ஏறும். அந்த அடுக்கில் சுவரும் மெலிதாக இருந்தால் உலோகம் ஆறிப்போய்க் கோல்டு ஷட் (இரண்டு உலோக ஓட்டங்கள் ஒட்டாமல் நிற்கும் கோடு) வரும்.

மட்டத்தை ஒவ்வொரு அடுக்காக உயர்த்தி, அதற்குக் கீழே உள்ள வோக்சல்கள் எத்தனை தீவுகளாக இருக்கின்றன என்றும் பாருங்கள். கேட்டோடு (gate, உலோகம் பாகத்துக்குள் நுழையும் வாய்) சேராத தீவு ஒன்று கீழே இருந்தால், உலோகம் ஒரு விளிம்பைத் தாண்டி அதற்குள் விழப்போகிறது என்று பொருள். விழுவது ஏன் கெடுதல் என்பதற்கு வார்ப்பியல் ஆய்வாளர் ஜான் கேம்பல் தந்த எண்ணைச் சொல்லலாம்: திரவ அலுமினியம் விநாடிக்கு ஏறத்தாழ 0.5 மீட்டர் வேகத்தைத் தாண்டினால் மேற்பரப்பு உடைந்து, ஆக்சைடு தோல் மடிந்து உள்ளே போகும். வெறும் 12.5 மி.மீ. விழுந்தாலே அந்த வேகம் வந்துவிடும். 200 மி.மீ. உயர ஸ்ப்ரூவின் (உலோகம் இறங்கும் செங்குத்து வழியின்) அடியில் வேகம் விநாடிக்கு 2 மீட்டரை நெருங்கும். கீழிருந்து நிரப்பும்படி கேட்டை வைத்து, இன்கேட் பரப்பைப் பெரிதாக்கி வேகத்தைக் குறைக்கச் சொல்வது இதனால்தான்.

உயர் அழுத்த டை காஸ்டிங்குக்கு இந்த முறை உதவாது. அங்கே அலுமினியம் கேட்டில் விநாடிக்கு 30 முதல் 50 மீட்டர் வேகத்தில் பீய்ச்சி, நேராக எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வரும். கேட்டின் பக்கத்திலேயே இருக்கும் மூலை கடைசியில் நிரம்பலாம். அதற்குச் சிமுலேஷன்தான் வழி.

8. சிமுலேஷனுக்குப் போகும்போது

மேக்மாசாஃப்ட், புரோகாஸ்ட், ஃப்ளோ-3டி காஸ்ட், சாலிட்காஸ்ட் என்று பல மென்பொருள்கள் உண்டு. எதை எடுத்தாலும் இதுவரை எழுதிய தீவுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். சிமுலேஷன் காட்டும் கடைசி உறையும் இடங்களை உங்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாத இடத்தில் காரணத்தைத் தேடுங்கள். சூடான மணலா, கேட் வழியாக அதிக உலோகம் ஓடி மோல்டைச் சூடாக்கியதா, அல்லது யாரோ தவறான பொருளையோ வெப்பக் கடத்தல் எண்ணையோ கொடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். உலோகத்துக்கும் மோல்டுக்கும் இடையே வெப்பம் கடக்கும் அளவு மணலில் ஒன்று, உலோக டையில் அதைவிடப் பலமடங்கு. அந்த எண் தப்பினால் எல்லாமே தப்பும், படம் மட்டும் அழகாக இருக்கும்.

வெப்பநிலைப் படத்தைவிடத் திட விகிதப் படத்தைப் (எவ்வளவு பங்கு உறைந்துவிட்டது என்று காட்டுவதை) பாருங்கள். உலோகம் ஓடுமா, ஓடாதா என்பதை அதுதான் நேரடியாகச் சொல்லும். எஃகு வார்ப்பில் நியாமா அளவுகோலையும் பார்க்கலாம். வெப்பச் சரிவை, ஆறும் வேகத்தின் வர்க்கமூலத்தால் வகுத்து வருவது அது. 1982இல் எஃகுக்காக முன்வைக்கப்பட்டது. குறைந்த எண் வரும் இடத்தில் நடுக்கோட்டுச் சுருக்கத்தை எதிர்பார்க்கலாம். அலுமினியத்துக்கு அதே எல்லை எண்ணை எடுத்து ஒட்டாதீர்கள். மெஷ்ஷை நுணுக்கும் ஆசையையும் அடக்க வேண்டும். செல்லின் அளவைப் பாதியாக்கினால் செல்கள் எட்டு மடங்காகும், நேரப் படியும் சுருங்குவதால் கணக்கு 16 மடங்கோ அதற்கு மேலோ நீளும்.

9. அறுத்துப் பாருங்கள்

முதல் வார்ப்பு வந்ததும் பட்டியலில் உள்ள ஒவ்வொரு தீவின் வழியாகவும் அறுத்து, முகத்தைத் தேய்த்துப் பாருங்கள். எக்ஸ்ரே வசதி இருந்தால் இன்னும் நல்லது. குறை இருக்கும் என்று எழுதிய இடத்தில் இல்லாவிட்டாலும் பதிவுசெய்யுங்கள். எந்த உலோகத்தில், எந்த மோல்டில், பிரிந்த ஆழத்துக்கும் மறைந்த ஆழத்துக்கும் எவ்வளவு இடைவெளி வரை குறை வராமல் தப்பிக்கிறது என்பது இந்தப் பதிவிலிருந்துதான் உங்களுக்குத் தெரியவரும். எந்த மென்பொருளும் அதைத் தராது, உங்கள் மணலும் உங்கள் ஊற்றும் முறையும் அதில் கலந்திருக்கின்றன.

பயிற்சிக்குப் புதிய பாகத்தை எடுக்காதீர்கள். ஏற்கெனவே பல தடவை வார்த்து, குறைகள் எங்கே வருகின்றன என்று வேலையாட்களுக்கு நன்றாகத் தெரிந்த பழைய பாகம் ஒன்றை எடுங்கள். அவர்களிடம் கேட்காமல் முதல் மூன்று படிகளைச் செய்து, தீவுப் பட்டியலை எழுதிவிட்டு, பிறகு மோல்டு கட்டுபவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பட்டியலில் இல்லாத ஓர் இடத்தை அவர் விரலால் தொட்டுக் காட்டினால், அங்கிருந்து ஐந்தாம் படியைத் தொடங்குங்கள்.